ஏற முடியாத மலையில் உட்கார ஓர் இடம்: ஜவ்வாது மலைப் பாதையை 360 டிகிரியில் பதிவு செய்து காட்டும் முறை

ஜவ்வாது மலையும் ஏலகிரியும் வேலூர்ப் பக்கத்து மக்களுக்கு அன்றாடம் கண்ணில் படுகிற மலைகள். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போக பஸ் இருக்கிறது. அங்கிருந்து காட்டுக்குள் பிரிகிற ஒற்றையடிப் பாதையில்தான் சிக்கல் தொடங்கும். சக்கர நாற்காலி போகாது. ஊன்றுகோல் ஈரப் பாறையில் வழுக்கும். பார்வையில்லாத ஒருவர் துணைக்கு வருபவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அளவுக்குப் பாதையில் அகலம் இருக்காது. அந்தப் பாதையை, சுற்றிலும் எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் படம்பிடிக்கும் 360 டிகிரி கேமராவில் பதிவு செய்து, போக முடியாதவர்களுக்குக் கண்ணில் மாட்டிப் பார்க்கும் ஹெட்செட்டிலோ டேப்லெட்டிலோ திறந்து கொடுப்பது எப்படி என்று இங்கே சொல்கிறோம். ஒரு கேமராவும் மூன்று பேரும் இருந்தால் கல்லூரி மன்றமோ மறுவாழ்வு மையமோ இதைச் செய்துவிடலாம்.

பலரும் செய்வது, தலைக்கவசத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு மலை ஏறி, அந்த வீடியோவை அப்படியே போட்டுக் காட்டுவது. பார்ப்பவருக்கு இரண்டே நிமிடத்தில் தலை சுற்றும். அதைவிடப் பெரிய குறை ஒன்று அதில் இருக்கிறது. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எந்தப் பக்கம் திரும்புவது என்று எல்லாவற்றையும் கேமராவைச் சுமந்தவரே முடிவு செய்துவிடுகிறார். உடல் இயலாமையோடு வாழ்கிறவர்கள் தினமும் அனுபவிப்பதும் இதைத்தான்: யாரோ தூக்குகிறார்கள், யாரோ இறக்குகிறார்கள். மலையிலாவது அந்த முடிவு அவர்கள் கையில் இருக்க வேண்டும். கேமராவை அசையாமல் நிறுத்துவது, பார்ப்பவரின் கண் உயரத்தில் வைப்பது, அடுத்த இடத்துக்கு எப்போது போவது என்பதை அவரிடமே விடுவது ஆகிய மூன்றையும் நாங்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் அதுதான்.

வேலூருக்கு இது புதிய எண்ணமும் அல்ல. 1954இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாக இருந்தவரும் அவரே. தண்டுவடக் காயம் பட்டவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களும் இந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. வேலையை அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

கேமராவைத் தொடும் முன்

முதல் வேலை, பார்க்கப் போகிறவர்களிடம் கேட்பது. "மலையில் எதைப் பார்க்க ஆசை?" என்று மட்டும் கேட்டால் "அருவி" என்று பதில் வரும். இன்னும் கொஞ்சம் கேளுங்கள். விபத்துக்கு முன்னால் அங்கே போயிருக்கிறாரா? எந்த இடம் நினைவில் இருக்கிறது? உச்சிக்குப் போய் ஊரைப் பார்க்க வேண்டுமா, நிழலில் சும்மா உட்கார வேண்டுமா? கிடைக்கும் பதில்களில் பாதி உங்கள் திட்டத்தில் இருக்காது. ஓடைக்கரைக் கல், மலைக் கிராமத்துச் சாமை வயல், கீழே போகிற பஸ் தெரிகிற வளைவு என்று வரும். அவற்றையும் பட்டியலில் சேருங்கள். முதல் முறை ஒன்றரை அல்லது இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளாத ஒரே பாதையை எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது அனுமதி. ஜவ்வாது மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. பழைய வட ஆற்காடு 1989இலும், வேலூர் மாவட்டம் 2019இலும் பிரிந்ததில், மலை ஒன்றாக இருந்தாலும் அலுவலகங்கள் பலவாகிவிட்டன. அமிர்தி, பீஞ்சமந்தைப் பக்கம் போனால் ஒரு அலுவலகம், ஜமுனாமரத்தூர், பீமன் நீர்வீழ்ச்சிப் பக்கம் போனால் வேறொன்று. உங்கள் பாதை எந்த வனச்சரகத்தில் வருகிறது என்று உறுதி செய்துகொண்டு, அந்தச் சரகம் வழியாக மாவட்ட வன அலுவலருக்கு எழுதுங்கள். நாள், நேரம், ஆட்கள், கருவிகள், எதற்காகப் பதிவு என்பதெல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாகியுள்ளன. அனுமதி இல்லாமல் காப்புக் காட்டுக்குள் கால் வைக்க வேண்டாம். ட்ரோன் என்றால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. வானத்திலிருந்து பார்க்கும் காட்சியில் "நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்" என்ற உணர்வு வராது.

மலைக் கிராமத்து இளைஞர் ஒருவரை வழிகாட்டியாகக் கூலி கொடுத்து அழைத்துக்கொள்ளுங்கள். கரடி எந்தப் பக்கம் இறங்கும், எந்தப் பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தேன்கூடு இருக்கும் பாறைக்கு அடியில் கேமரா ஸ்டாண்டை நட்டுவிட்டு, படத்தில் விழாமலிருக்க ஒளியப் போவது உயிருக்கே ஆபத்து. காட்சிகளுக்கான விளக்கத்தையும் அவர் குரலிலேயே பதிவு செய்யலாம். அந்த மலையின் பெயர்களை அந்த மலையின் வாயால் கேட்பதற்குத் தனி மதிப்பு உண்டு.

பருவத்தைப் பொறுத்தவரை, அருவியில் தண்ணீர் வேண்டும் என்றால் வடகிழக்குப் பருவமழை காலத்திலும் அதையொட்டியும், அதாவது அக்டோபர் முதல் ஜனவரி வரை. ஏப்ரல், மே வெயிலில் பாறை காய்ந்து கிடக்கும், காட்டுத்தீ அபாயமும் உண்டு, கேமராவும் சூடேறி நின்றுவிடும். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரைக்குள் முக்கியக் காட்சிகளை முடித்துவிடுங்கள். பீமன் நீர்வீழ்ச்சி போன்ற இடங்களில் மக்கள் குளிக்க வருவார்கள். 360 கேமராவுக்கு "அந்தப் பக்கம் எடுக்காதே" என்று சொல்ல வழியில்லை. எனவே யாரும் வருவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும்.

என்னென்ன வேண்டும்

இரண்டு லென்ஸ் கொண்ட 360 கேமரா ஒன்று. இன்ஸ்டா360 எக்ஸ்3 5.7கே தரத்திலும், எக்ஸ்4 8கே தரத்திலும் எடுக்கும். இந்த எண்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். 5.7கே என்றால் சுற்றிலும் உள்ள 360 டிகிரிக்கும் சேர்த்து 5760 புள்ளிகள், அதாவது ஒரு டிகிரிக்கு 16. 8கேயில் ஒரு டிகிரிக்கு சுமார் 21. நல்ல கண்பார்வைக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 60 புள்ளிகள் தேவை என்பார்கள். ஆகவே எந்தக் கேமராவிலும் தூரத்து மலை சற்று மங்கலாகவே தெரியும். அருகில், அதாவது 2 முதல் 10 மீட்டருக்குள், பாறை, வேர், ஓடை என்று ஏதாவது இருக்கும் இடங்களைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் குறை உறுத்தாது. வெட்டவெளி உச்சியை விட ஓடைக்கரை ஹெட்செட்டில் நன்றாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

5.7கே பதிவு வினாடிக்கு 120 மெகாபிட் என்று வைத்தால் நிமிடத்துக்கு 900 எம்பி ஆகும். 8கேயில் 200 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 1.5 ஜிபி. மூன்று நிமிடப் பதிவுகள் 12 என்றால் 8கேயிலும் 55 ஜிபிக்குள் அடங்கும். வேகத்தைக் காட்டும் வி30 குறியுள்ள 128 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு இரண்டு போதும். வேகம் குறைந்த கார்டு போட்டால் பதிவு பாதியில் நிற்கும். யாரும் கேமரா பக்கத்தில் இல்லாததால் அது கீழே வந்த பிறகுதான் தெரியவரும். பேட்டரி மூன்று.

ஸ்டாண்ட், மெல்லிய ஒற்றைக் கம்பியும் அடியில் சிறிய மூன்று காலும் கொண்டதாக இருக்கட்டும். அகலக் கால் ட்ரைபாட் காட்சியில் பெரிதாகத் தெரியும். ஒல்லி ஸ்டாண்டின் ஆபத்து காற்று. உப்பிய லென்ஸ் பாறையில் பட்டால் கீறல் போகவே போகாது, படம் முழுக்க அது தெரியும். ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ கல் போட்டுக் கம்பியின் அடியில் கட்டிவிடுங்கள். லென்ஸ் துடைக்க மைக்ரோஃபைபர் துணி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று நனைந்தாலும் மற்றது உதவும். கார் ஏசியிலிருந்து எடுத்தவுடன் மலைக்காற்றில் லென்ஸ் பனிக்கும். பதினைந்து நிமிடம் வெளியே வைத்த பிறகே பதிவைத் தொடங்குங்கள்.

முப்பரிமாணக் கேமரா வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பத்து இருபது மீட்டருக்கு அப்பால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, கோப்பு மட்டும் இரட்டிப்பாகும். ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவருக்குச் சாதாரண 360இல் எந்த இழப்பும் இல்லை.

கேமராவின் உயரம்

இந்த வேலையில் அதிகம் தவறுவது இங்கேதான். எடுப்பவர் நின்றுகொண்டு எடுக்கிறார், அதனால் கேமரா 160 சென்டிமீட்டரில் நிற்கிறது. பார்ப்பவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார், அவர் கண் 115 முதல் 120 சென்டிமீட்டரில் இருக்கிறது. ஹெட்செட்டை மாட்டிக் கீழே பார்த்தால் தரை அவர் உடம்புக்குத் தெரிந்த தூரத்தில் இல்லை. மிதப்பது போலவும், விழப்போவது போலவும் ஒரு பதற்றம் வரும். காரணம் அவருக்கும் தெரியாது. "எனக்கு இது ஒத்துக்கல" என்று சொல்லி ஹெட்செட்டைக் கழற்றிவிடுவார்.

லென்ஸின் நடுப்பகுதி தரையிலிருந்து 120 சென்டிமீட்டரில் இருக்கட்டும். கம்பியில் ஒரு டேப் ஒட்டி அளவைக் குறித்துவிடுங்கள். சரிவில் வைக்கும்போது எந்தப் பக்கத்துத் தரையிலிருந்து அளப்பது என்று குழப்பம் வரும். பார்ப்பவர் முதலில் நோக்கப்போகும் பக்கத்துத் தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். நின்றபடி பார்க்கப் போகிறவர்களும் குழுவில் இருந்தால் முக்கியமான நான்கைந்து இடங்களில் 155இல் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் இருவருக்கும் பொருந்தட்டும் என்று 140இல் வைத்தால் இருவருக்கும் பொருந்தாமல் போகும்.

விளிம்பில் வைக்காதீர்கள். படம் அழகாக வரும், ஆனால் கீழே குனிந்தால் பாதாளம் தெரியும். கால்களில் உணர்வில்லாத ஒருவருக்குத் தன் உடம்பு நாற்காலியில் ஊன்றி இருக்கிறது என்ற தைரியத்தை உடம்பு தராது. விளிம்பிலிருந்து 2 மீட்டராவது உள்ளே தள்ளி, முன்னால் ஒரு பாறையோ புதரோ இருக்கும்படி நிறுத்துங்கள்.

பதிவு செய்யும் முறை

பாதையை இரண்டு வகையாக எடுக்க வேண்டும். ஒன்று, நடையின் தொடர்ச்சிக்காக 25 மீட்டருக்கு ஒரு 360 புகைப்படம். 2 கிலோமீட்டர் பாதைக்கு சுமார் 80 படங்கள். ஒரு படத்துக்கு ஒளிவதையும் சேர்த்து இரண்டு நிமிடம் என்றால் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். இரண்டு, உட்காரத் தகுந்த பத்துப் பன்னிரண்டு இடங்களில் அசையாத வீடியோ. நல்ல வெளிச்சம் வீடியோவுக்குப் போகட்டும். ஏறும்போது வீடியோவை முடித்துவிட்டு, இறங்கும்போது புகைப்படம் எடுத்துக்கொண்டே வாருங்கள். கேமராவின் முன்பக்கம் மட்டும் ஏறும் திசையையே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தொகுக்கும்போது ஒவ்வொரு படத்தையும் திருப்பிச் சரிசெய்ய நேரும்.

ஒவ்வோர் இடத்திலும் செய்ய வேண்டியவை:

1. ஸ்டாண்டை நட்டு, கல் பையைக் கட்டி, உயரத்தைச் சரிபாருங்கள். இரண்டு லென்ஸும் சேரும் கோட்டுப் பக்கம் ஒன்றரை மீட்டருக்குள் கிளையோ கொடியோ இருக்கக் கூடாது. இருந்தால் படத்தில் அது துண்டாகி இரண்டாகத் தெரியும். இரு லென்ஸும் சற்றே வெவ்வேறு இடத்திலிருந்து பார்ப்பதால் வரும் கோளாறு இது. எந்த மென்பொருளும் இதை முழுதாகத் தீர்க்காது.

2. முக்கியக் காட்சியை ஒரு லென்ஸின் நடுவில் வையுங்கள். சூரியனும் ஏதாவது ஒரு லென்ஸுக்குள் முழுதாக இருக்கட்டும். சேரும் கோட்டில் சூரியன் பட்டால் வானத்தில் நெடுக ஒரு வெளிறிய பட்டை விழும்.

3. படத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும் வெண்சமநிலையை 5500 கெல்வினில் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் மேகம் கடக்கும்போது காடே நிறம் மாறும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 400ஐத் தாண்டாமல் பாருங்கள். அருவியின் வெண்மை வெளிறாமல் இருக்கும் அளவுக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள். இருண்ட பாறையைப் பிறகு கொஞ்சம் வெளுப்பாக்கலாம், வெளிறிப்போன தண்ணீரை மீட்க முடியாது.

4. லென்ஸைத் துடைத்து, பதிவை அழுத்தி, ஒரு முறை கைதட்டிவிட்டு எல்லோரும் பாறைக்கோ மரத்துக்கோ பின்னால் போய்விடுங்கள். பைகளும் தண்ணீர் பாட்டிலும் கூடவே வர வேண்டும். மறந்துவிட்ட ஒரு நீலப் பை காட்டின் நடுவில் கடைசிவரை கண்ணை இழுக்கும்.

5. மூன்று நிமிடம் ஓடட்டும். முதல் அரை நிமிடம் உங்கள் காலடிச் சத்தத்துக்குப் போகும், பறவைகள் மறுபடி கூவ இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும். கடைசி ஒன்றரை நிமிடம்தான் பயன்படும்.

நடந்துகொண்டே எடுக்கும் வீடியோ வேண்டவே வேண்டும் என்று யாராவது கேட்டால், சமதரையில், நேர்கோட்டில், ஒரே சீரான வேகத்தில், 20 வினாடிக்கு மேல் நீளாமல் எடுங்கள். அடிவானம் சாயாமல் பிடிக்கும் வசதியை இயக்கி வையுங்கள். மூங்கில் புதர்களுக்குள் மட்டும் நடந்து எடுக்கக் கூடாது. இலை இடுக்கில் வெயில் விட்டுவிட்டு மின்னுவது, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. மூளைக் காயம் பட்டவர்களில் வலிப்பு உள்ளவர்கள் பலர் உண்டு.

ஒலி

கேமராவின் மைக் காற்றைத்தான் அதிகம் பிடிக்கும். ஜூம் எச்3-விஆர் போன்ற, நான்கு திசை ஒலியையும் பிடிக்கிற ரெக்கார்டர் கிடைத்தால் கேமராவுக்கு நேர் கீழே, அதே முன்பக்கம் பார்த்து மாட்டுங்கள். காற்றுக்கு மயிர்க்கவசம் கட்டாயம். தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஆம்பிக்ஸ் என்ற சுற்றொலி வடிவத்தில் ஏற்றினால் ஹெட்செட்டில் தலையைத் திருப்பும்போது ஓடையின் சத்தமும் அதற்கேற்ப இடம் மாறும்.

பார்வையில்லாதவர்களுக்கு இதுவே முழு மலை. அவர்களுக்காக ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிட ஒலியைத் தனியாக எடுங்கள். விளக்கத்தை அந்த ஒலியின் மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். முதலில் இருபது வினாடி விளக்கம்: "உங்களுக்கு இடப்பக்கம் கீழே ஓடை, நாலு மீட்டர் தூரம். வலப்பக்கம் ஆள் உயரப் பாறை, அதில் மோதித்தான் சத்தம் திரும்பி வருகிறது." அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு காட்டைப் பேச விடுங்கள். "அழகான", "கண்கொள்ளாக் காட்சி" போன்ற சொற்களால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. தூரம், உயரம், ஈரம், திசை ஆகியவற்றைச் சொல்லுங்கள்.

காது கேளாதவர்களுக்கு விளக்க எழுத்தை ஒரே இடத்தில் போட்டால் அவர் திரும்பியதும் மறைந்துவிடும். ஒரே வரியை 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று இடத்தில், அடிவானத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள்.

தொகுத்தல்

வீடியோவை 2:1 விகிதத்தில், எச்.265 என்ற சுருக்க முறையில், எம்பி4 கோப்பாக வெளியே எடுங்கள். கோப்புப் பெயரின் கடைசியில் _360 என்று சேர்த்தால் பல பிளேயர்கள் தாமாகவே புரிந்துகொள்ளும். சேர்க்காவிட்டால் தட்டையாக நசுங்கிய படமாகத் திறக்கும். யூடியூபில் போடுவதானால் 360 என்ற தகவலைக் கோப்புக்குள் செருகிய பிறகே ஏற்ற வேண்டும். ஸ்டாண்டின் காலை மறைக்க ஏதாவது லோகோ போடுவது வழக்கம், அதற்குப் பதில் அதே தரையின் படத்தை ஒட்டுங்கள். குனிந்து பார்ப்பவருக்கு மண் தெரிய வேண்டும்.

புகைப்படங்களை ஒன்றோடொன்று இணைக்கப் பன்னெல்லம், மார்சிபானோ என்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படத்திலும் முன்னே, பின்னே என இரண்டு அம்புக்குறிகள் வேண்டும். பாதை பிரிகிற இடத்தில் கட்டாயம் இரண்டு வழியும் திறந்திருக்கட்டும். ஒரு வழி முட்டுச்சந்தாக முடிந்தாலும் பரவாயில்லை, போய்ப் பார்த்துத் திரும்பும் உரிமையும் மலையேற்றத்தில் அடக்கம். அம்புக்குறி பெரிதாக, குறைந்தது 8 டிகிரி அகலத்துக்கு இருக்கட்டும். நடுங்கும் தலையோடு பார்ப்பவருக்குச் சின்னக் குறியில் பார்வையை நிறுத்த முடியாது.

விரல் இல்லாமல் தேர்ந்தெடுக்கும் வசதியையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். அம்புக்குறியையே இரண்டு வினாடி பார்த்தால் அடுத்த இடம் திறக்க வேண்டும். தொழுநோயால் விரல்கள் மடங்கியவர்கள், கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்கள், பக்கவாதத்தில் ஒரு கை மட்டும் இயங்குபவர்கள் எல்லோருக்கும் இது எளிய வழி. கையை அடையாளம் காணும் ஹெட்செட் வசதி, மடங்கிய விரல்களைப் பெரும்பாலும் சரியாகப் புரிந்துகொள்ளாது.

காட்டும் போது

நல்ல பதிவையும் கெடுத்துவிடக் கூடிய கட்டம் இது. ஒருவருக்கு ஒரு உதவியாளர் வேண்டும். ஹெட்செட்டில் தெரிவது ஒரு டேப்லெட்டிலும் தெரிய வேண்டும், அப்போதுதான் "அந்த மரம் என்ன மரம்?" என்று அவர் கேட்கும்போது பதில் சொல்ல முடியும். வழிகாட்டி இளைஞரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டால் இன்னும் நல்லது.

சக்கர நாற்காலியைச் சுற்றி ஒன்றரை மீட்டர் இடம் விடுங்கள். நாற்காலியைச் சுற்ற முடியாதவருக்கும், கழுத்து எலும்பு பொருத்தப்பட்டுத் தலை திரும்பாதவருக்கும் காட்சியே 30 டிகிரி, 30 டிகிரியாகச் சட்டென்று திரும்பும் வசதி வேண்டும். மெதுவாக வழுக்கித் திரும்பினால் தலை சுற்றும். படுத்திருப்பவருக்குக் காட்சியை அவர் சாய்ந்திருக்கும் அளவுக்கு மேலே தூக்குங்கள். இல்லாவிட்டால் அவருக்கு மலை முழுக்க வானம்தான்.

மெட்டா க்வெஸ்ட் 3 சுமார் 515 கிராம். எடை முழுவதும் முகத்தின் பக்கம் இழுக்கும். பின்பட்டையில் 250 முதல் 300 கிராம் எடை கட்டினால் கழுத்துக்குச் சமநிலை கிடைக்கும். கழுத்துத் தசை பலவீனமாக இருந்தால் ஹெட்செட்டையே விட்டுவிட்டு, வளையும் கம்பியில் பொருத்திய டேப்லெட்டையோ பெரிய டிவியையோ பயன்படுத்துங்கள். அதைக் குறைந்த அனுபவம் என்று நினைக்க வேண்டாம், சிலருக்கு அதுவே பிடித்திருக்கும். பழைய போனையும் அட்டைப்பெட்டிக் கண்ணாடியையும் வைத்துக் காட்டுவதானால் அந்தப் போனில் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலிவு விலைப் போன்கள் பலவற்றில் இருக்காது, தலையைத் திருப்பினாலும் காட்சி நகராது.

முதல் தடவை ஐந்து நிமிடம் போதும். கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுதல், வெளிறிய முகம், குளிர்ந்த வியர்வை இவை வாந்திக்கு முன்னால் வரும் அறிகுறிகள். "பரவாயில்லை, இன்னும் கொஞ்சம்" என்று அவர் சொன்னாலும் நிறுத்திவிடுங்கள். பழகிய பிறகு 15 நிமிடம் வரை போகலாம். தண்டுவடக் காயம் உள்ளவர் காட்டில் லயித்து, உடம்பைத் தூக்கி அழுத்தம் மாற்ற மறந்துவிடுவார். 15 நிமிடத்துக்கு ஒரு முறை உதவியாளர் நினைவூட்ட வேண்டும், படுக்கைப் புண்ணுக்கு ஒரு மாலைப்பொழுதே போதும்.

இன்னொன்றை உதவியாளர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மார்பு முதுகெலும்பு ஆறாம் எண்ணிலோ அதற்கு மேலேயோ தண்டுவடக் காயம் பட்டவருக்குத் திடீரென்று மண்டை இடிப்பது போல் தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது வந்தால் அதை ஹெட்செட் மயக்கம் என்று நினைத்துப் படுக்க வைக்கக் கூடாது. ரத்த அழுத்தம் அபாயமாக ஏறுவதன் அறிகுறி அது. ஹெட்செட்டைக் கழற்றி, நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான பட்டை, உடைகளைத் தளர்த்தி, சிறுநீர் வடியும் கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா, யூரின் பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். அப்போதும் தணியாவிட்டால் உடனே மருத்துவர். தொடங்கும் முன்பே பையைக் காலி செய்துவிடுவது நல்லது.

தொழுநோயால் இமை முழுதாக மூடாதவர்களுக்கு ஹெட்செட்டுக்குள் கண் காய்ந்து கருவிழி புண்ணாகலாம். கண் மருத்துவர் சம்மதித்த பிறகே மாட்டுங்கள், அதுவரை டேப்லெட் போதும். முகத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குப் பட்டை அழுத்துவது வலிக்காது, ஆகையால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றித் தோலைப் பாருங்கள். மூளையில் சேரும் நீரை வடிக்க ஷன்ட் குழாய் வைத்தவர்களுக்கு அந்த இடத்தில் பட்டை படக் கூடாது. காது கேட்கும் கருவி ஹெட்செட்டின் பக்கவாட்டில் உரசினால் விசில் அடிக்கும், ஒலியை வெளி ஸ்பீக்கரில் கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் முகம் படும் உறையை மாற்றுங்கள். ஸ்பிரிட்டால் லென்ஸைத் துடைக்காதீர்கள், அதன் பூச்சு போய்விடும்.

காற்றுக்கு ஒரு மேசை விசிறி, இரண்டு மீட்டர் தள்ளி, அருவிக் காட்சியில் மட்டும். கையில் கொடுப்பதற்கு ஜமுனாமரத்தூரில் வாங்கிய சாமை, கடுக்காய், நாக்குக்குக் கொஞ்சம் மலைத்தேன். காப்புக் காட்டிலிருந்து கல்லோ கிளையோ எடுத்து வராதீர்கள், அது குற்றம். வாசனை ஸ்பிரே வேண்டாம், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

நேரில் போக நினைப்பவர்களுக்கு

இந்தப் பதிவு மலைக்குப் பதிலாகிவிடக் கூடாது. "ஹெட்செட் இருக்கிறதே, சாய்தளம் எதற்கு?" என்று யாராவது கேட்டால் பதிவே தீங்காகிவிடும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களுக்கு எல்லோரும் போகும் வசதியைக் கேட்கிறது. நீங்கள் எடுத்த 80 புகைப்படங்களே அதற்கான அளவைப் பதிவாகவும் பயன்படும். ஒவ்வோர் இடத்திலும் போனிலுள்ள சாய்வுமானியால் சரிவையும், டேப்பால் பாதையின் அகலத்தையும், மிக உயரமான படியையும் அளந்து அந்தப் படத்தோடு சேர்த்து எழுதுங்கள். 12 அடிக்கு 1 அடி ஏற்றம், அதாவது 5 டிகிரிக்குள், 90 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம் என்றால் சக்கர நாற்காலிக்குச் சாத்தியம். செயற்கைக் கால் போட்டவருக்குக் குறுக்குச் சரிவுதான் (பாதை பக்கவாட்டில் சாய்வது) எதிரி, அதைத் தனியாகக் குறியுங்கள். இதைப் பார்த்துவிட்டு "முதல் 300 மீட்டர் நான் போவேன், மிச்சத்தை ஹெட்செட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் முடிவு செய்வார். வாகனம் நிற்கும் இடம், கழிப்பறைக் கதவின் அகலம் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். பயணம் ரத்தாவது பெரும்பாலும் அந்தக் கதவால்தான்.

வெளியிடும் முன்

கோப்புகளிலிருந்து ஜிபிஎஸ் தகவலை நீக்குங்கள். ஜவ்வாது மலை சந்தன மரத்துக்குப் பெயர் போனது, சந்தன மரம் தெரிகிற படத்தோடு அதன் துல்லியமான இடமும் இணையத்தில் போவது கடத்துகிறவர்களுக்கு வழிகாட்டும். மலைக் கிராமங்களில் வீடுகளோ முகங்களோ பதிந்திருந்தால் அவர்களிடம் டேப்லெட்டில் காட்டி, சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்றால் மங்கலாக்குங்கள் அல்லது அந்த இடத்தையே நீக்குங்கள். முடிந்த பதிவின் ஒரு பிரதியை வழிகாட்டிய இளைஞரின் ஊருக்கும், ஒரு பிரதியை அளவைக் குறிப்புகளோடு வனச்சரக அலுவலகத்துக்கும் கொடுங்கள். பாதை மழையில் மாறும். அடுத்த பருவமழை முடிந்ததும் அளவுகளை மறுபடி எடுத்துத் திருத்துங்கள்.